செம்பருத்தி வேலிக்குத் தண்ணீர்: ஓஸா, வாய்க்காலா, சொட்டுநீரா, பானையா?

கொங்கு நாட்டில் தோட்டங்களுக்கு நடுவே போகும் இட்டேரிப் பாதைகளின் இருபுறமும் கிளுவையும் கள்ளியும் வேலியாக நின்றவரை அதற்குத் தண்ணீர் கட்டுவது பற்றி யாரும் யோசிக்கவில்லை. காங்கயம் பக்கத்துக் கொரங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களில் கிளுவை வேலி இன்றும் மழையை மட்டும் நம்பி நிற்கிறது. இப்போது வீட்டு மனைகளைச் சுற்றியும் சாளை எனப்படும் தோட்டத்து வீடுகளின் வாசலிலும் செம்பருத்தி வரிசை வந்துவிட்டது. சாமிக்குப் பூ, தலைக்கு இலை, தெருவுக்கு மறைப்பு என்று மூன்று பயன். ஆனால் செம்பருத்திக்குக் கிளுவையின் தாக்குப்பிடிப்பு கிடையாது. அதன் உறிஞ்சு வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் ஒன்றரை அடிக்குள் இருக்கிறது. அந்த ஒன்றரை அடி காய்ந்தால் முதலில் மொட்டு உதிரும், அடுத்து அடி இலை மஞ்சளாகும், கடைசியில் வேலியில் ஓட்டை விழும்.

ஓஸ் பிடித்து ஊற்றினால் போதுமா, தோட்டத்து வாய்க்காலை வேலியோரம் திருப்பலாமா, சொட்டுநீர் போட்டுவிடலாமா, பானை புதைக்கலாமா என்று தயங்குபவர்களுக்காக இந்த ஒப்பீடு. கணக்கெல்லாம் 100 அடி நீள வேலிக்கு: இரண்டரை அடிக்கு ஒரு செடி, மொத்தம் 40 செடி, வயது இரண்டு வருடத்துக்கு மேல், மூன்றடி அகலத்தில் கத்தரித்து வைத்தது. உங்கள் வேலி 60 அடியோ 300 அடியோ என்றால் அதே விகிதத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் அளவுகோல் ஆழம். தண்ணீர் ஒரு அடிக்குக் கீழே இறங்குகிறதா என்பதுதான் கேள்வி. மேல்மண் ஈரமாகத் தெரிவது கணக்கில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நனைத்தால் வேர் மேலேயே படர்ந்துவிடும். இரண்டு நாள் ஊருக்குப் போய் வந்தால் அத்தகைய செடிதான் முதலில் துவளும்.

இரண்டாவது, பருவத்துக்குத் தகுந்தபடி கூட்டவும் குறைக்கவும் முடிகிற முறையா என்பது. இதற்குத்தான் மிக அதிக மதிப்பெண் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. கொங்குப் பகுதியில் செம்பருத்தி வேலி கெடுவது சித்திரை வெயிலில் என்று பலரும் நினைக்கிறார்கள். சித்திரையில் எல்லோரும் கவனமாகத்தான் இருக்கிறார்கள். ஏமாற்றுகிற மாதங்கள் வேறு: ஆடியும் ஐப்பசியும்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசும் காற்று, மலையோரம் தாண்டிப் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் வரும்போது மழையை விட்டுவிட்டு வேகத்தை மட்டும் கொண்டுவருகிறது. அங்கே காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பதற்குக் காரணமும் இதுதான். வானம் மூட்டமாக இருக்கும், உடம்புக்குக் குளுமையாக இருக்கும், அவ்வப்போது சாரலும் விழும். தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். ஆனால் அந்தக் காற்று இலையிலிருந்து ஈரத்தை இழுக்கும் வேகம் சித்திரைக்கு ஏறக்குறைய சமம். ஐப்பசியில் நேர்மாறாக நடக்கிறது. கோவை வட்டாரத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. அந்த நேரத்திலும் பழக்கத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தால், கரிசல் மண்ணில் வேர் மூச்சுத் திணறி அழுகும்.

மூன்றாவது, மண். செம்மண்ணில் தண்ணீர் சீக்கிரம் இறங்கும், சீக்கிரம் தீரும். நனைந்த இடம் ஒல்லியாகக் கீழே போகும். கரிசலில் மெதுவாக இறங்கும், பக்கவாட்டில் விரியும், பல நாள் நிற்கும், காய்ந்தால் வெடிக்கும். சுக்கான் மண் இவை இரண்டைவிடச் சிக்கல்: சுண்ணாம்புச் சத்து கூடுதலாக இருப்பதால் இரும்புச்சத்து செடிக்குக் கிடைக்காமல் போகும்.

நான்காவது, தண்ணீரின் உப்பு. சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டுக்கும் ஆயிரம் அடி போர் தண்ணீரை நம்பும் வீட்டுக்கும் ஒரே ஆலோசனை சொல்ல முடியாது. நொய்யல் ஓரக் கிணறுகளின் கதை எல்லோருக்கும் தெரியும். சாயக்கழிவால் ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீரே பாசனத்துக்கு உதவாமல் போனது. 2011-இல் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகும் நிலத்தடியில் இறங்கிய உப்பு உடனே மறைந்துவிடாது. ஒரு லிட்டர் தண்ணீரை வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 2 டெசிசைமன்ஸைத் தாண்டினால், கீழே ஒவ்வொரு முறையிலும் உப்புப் பற்றிச் சொல்லியிருப்பதை இருமுறை படியுங்கள். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுக் குழாயைச் செடிக்குத் திருப்பும் வழக்கமும் பெருகிவிட்டது. அது போர் தண்ணீரின் உப்பையே இன்னும் கெட்டியாக்கித் தருவது. நல்ல தண்ணீரோடு கலக்காமல் செம்பருத்திக்கு விட வேண்டாம்.

ஐந்தாவது, ஆள். வால்வைத் திறக்கவும் மூடவும் யார் இருக்கிறார்கள்? வாரம் ஒருமுறை சாளைக்கு வந்து போகிறவருக்கும், தினமும் வாசல் தெளிக்கிறவருக்கும் பொருந்துகிற முறை ஒன்றல்ல.

## எத்தனை லிட்டர், எத்தனை நாளைக்கு ஒருமுறை

ஒரு செடி நிழல் கட்டும் பரப்பு சுமார் 0.7 சதுர மீட்டர். 1 மி.மீ. தண்ணீர் என்றால் சதுர மீட்டருக்கு 1 லிட்டர். வெயில், காற்றுக் காலங்களில் நாளுக்கு 5 முதல் 6 மி.மீ. வரை ஆவியாகிறது என்று கொண்டால், செடி ஒன்றுக்கு நாளுக்கு 3 முதல் 4 லிட்டர் வேண்டும். பனிக்காலத்தில் 2 லிட்டர் போதும். இதைத் தினமும் கொடுக்காமல் சேர்த்துக் கொடுப்பதே நல்லது:

| பருவம் | செம்மண்ணில், செடிக்கு | கரிசலில், செடிக்கு |
|---|---|---|
| மாசி, பங்குனி, சித்திரை | 3 நாளைக்கு ஒருமுறை 10–12 லிட்டர் | 5–6 நாளைக்கு ஒருமுறை 18–20 லிட்டர் |
| வைகாசி முதல் ஆவணி வரை (காற்று) | அதே அளவு. மழை அளந்து கழிக்கவும் | அதே அளவு. மழை அளந்து கழிக்கவும் |
| புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை | மழை இல்லாத 5 நாளுக்குப் பிறகு 10 லிட்டர் | மழை இல்லாத 10 நாளுக்குப் பிறகு 18–20 லிட்டர் |
| மார்கழி, தை | 5 நாளைக்கு ஒருமுறை 10 லிட்டர் | 9–10 நாளைக்கு ஒருமுறை 18–20 லிட்டர் |

மழையை அளக்க நேர்ச்சுவர் உள்ள ஒரு டப்பாவும் அடிக்கோலும் போதும். டப்பாவில் 15 மி.மீ. நின்றால் செம்மண்ணில் ஒரு முறைத் தண்ணீர் மிச்சம். 5 மி.மீ.க்குக் குறைந்த தூறலைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது இலையிலும் மண்மேல் பரப்பிய மூடாக்கிலும் தங்கிப் போய்விடும். ஆனைமலை, பொள்ளாச்சி பக்கம் ஆடியிலேயே டப்பா நிறையும், அங்கே பாசனத்தைத் துணிந்து நிறுத்தலாம். ஈரோடு, கரூர் பக்கம் வெயில் கூடுதல் என்பதால் கோடை அளவில் மேல் எல்லையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கணக்கு சரியா என்று பார்க்க மண்ணையே கேட்க வேண்டும். தண்ணீர் விட்ட மறுநாள், தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி மெல்லிய கம்பியைக் கையால் குத்துங்கள். ஈரம் இறங்கிய ஆழம் வரை கம்பி இறங்கும், காய்ந்த இடத்தில் நிற்கும். ஒரு அடிக்கு மேல் இறங்கினால் சரி. இன்னொரு சோதனை இலையில் இருக்கிறது. மதியம் 2 மணிக்குத் துவண்டு மாலையில் நிமிர்ந்தால் கவலை வேண்டாம். காலை 7 மணிக்கே துவண்டிருந்தால் அன்றைக்கே தண்ணீர் வேண்டும். மண் ஈரமாக இருந்தும் துவண்டிருந்தால், தண்ணீர் கூடிப்போய் வேர் கெட்டிருக்கிறது. அந்தச் செடிக்கு மேலும் தண்ணீர் விடுவதுதான் நடக்கிற தவறுகளிலேயே பெரியது.

## ஓஸ் பிடித்து ஊற்றுவது

எளிதான வழி என்று தோன்றும். செலவும் குறைவு. ஆனால் கையில் ஓஸோடு நிற்பவரின் பொறுமைதான் இங்கே தண்ணீரின் அளவைத் தீர்மானிக்கிறது.

15 லிட்டர் குடம் உங்கள் குழாயில் ஒரு நிமிடத்தில் நிறைகிறது என்று வையுங்கள். 40 செடிக்கு 10 லிட்டர் வீதம் 400 லிட்டர்; 27 நிமிடம் நிற்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். அப்போது செடிக்குக் கிடைப்பது 4 லிட்டருக்கும் குறைவு. இரண்டடி விட்டப் பாத்தியில் 10 லிட்டர் விட்டால் செம்மண் முக்கால் அடி முதல் ஒரு அடி வரை நனையும். 4 லிட்டர் விட்டால் மூன்று, நான்கு அங்குலத்தோடு நின்றுவிடும். அதனால்தான் தினமும் தண்ணீர் ஊற்றியும் மொட்டு கொட்டுகிறது.

இந்த முறையைத் தேர்ந்தெடுத்தால் நான்கு காரியம் செய்யுங்கள். ஒவ்வொரு செடிக்கும் இரண்டடி விட்டத்தில், மூன்று அங்குல உயரக் கரையோடு வட்டப்பாத்தி கட்டுங்கள். தண்டை ஒட்டி மண்ணைச் சற்று மேடாக அணைத்து, தண்ணீர் தண்டில் நிற்காமல் செய்யுங்கள். ஓஸ் முனையில் பூவாளித் தலை மாட்டுங்கள், இல்லையென்றால் பாத்தி குழியாகி மேல்வேர் வெளியே தெரியும். முழு அளவையும் ஒரே மூச்சில் விடாமல் வரிசை முழுக்க ஒரு சுற்று 5 லிட்டர், திரும்பி வரும்போது இன்னொரு 5 லிட்டர் விடுங்கள். முதல் சுற்று இறுகிய மேல்மண்ணை இளக்கும், இரண்டாவது கீழே இறங்கும்.

மறைந்த செலவு என்றால் நேரம்தான். கோடையில் மாதத்துக்குப் பத்து முறை, முறைக்கு அரை மணி. வெயிலில் கிடக்கும் மலிவான ஓஸ் ஓரிரு வருடத்தில் வெடித்துவிடும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீராக இருந்தால் இலையில் படாமல் பிடிக்க வேண்டும். பட்டால் ஓரம் கருகும், வெள்ளைத் திட்டு விழும்.

ஓஸுக்கு வேறு எந்த முறைக்கும் இல்லாத ஒரு வலு உண்டு. வறண்ட மாதங்களில் செம்பருத்தியை மாவுப்பூச்சி பிடிக்கும். 2008-இல் இந்தியாவிலேயே முதன்முதலாகக் கோவையில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சிக்கும் செம்பருத்தி விருப்பமான செடி. ஆரம்பத்திலேயே, வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி, நுனித் தண்டையும் இலையின் அடிப்பக்கத்தையும் கழுவினால் பெருமளவு உதிர்ந்துவிடும். காலையில் செய்யுங்கள், பகலுக்குள் இலை காயும். சொட்டுநீர் போட்டவர்களும் ஒரு ஓஸை வீட்டில் வைத்திருக்க வேண்டும்.

50 அடிக்கு உட்பட்ட வேலிக்கும், வீட்டிலேயே ஆள் இருக்கிற இடத்துக்கும் இது போதுமானது. அதற்கு மேல் நீளம் போனால் இரண்டு கோடையில் சலித்துவிடும்.

## வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சுவது

தோட்டத்தில் மோட்டார் ஓடுகிறது, ஏற்கெனவே வாய்க்கால் இருக்கிறது, வேலியோரமாக ஒரு மடை திறந்துவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். மஞ்சளுக்கும் வாழைக்கும் தண்ணீர் கட்டுகிற கைக்கு இது பழகிய வேலை. ஆழமாக நனைப்பதில் இதை எந்த முறையும் மிஞ்சாது.

தண்டிலிருந்து ஒன்றேகால் அடி தள்ளி, ஒரு அடி அகலத்தில், அரை அடி ஆழத்தில் கால்வாய் எடுங்கள். முழு 100 அடியையும் ஒரே நீளமாக விடாதீர்கள். செம்மண்ணில் தலைமடைச் செடிகள் குளித்துக்கொண்டிருக்கும்போது கடைமடைச் செடிகள் காய்ந்திருக்கும்; கடைசிச் செடிக்குத் தண்ணீர் போய்ச் சேர்வதற்குள் முதல் செடியின் வேரைத் தாண்டிச் சத்தோடு கீழே இறங்கிவிடும். 25 அடிக்கு ஒரு குறுக்குக் கரை போட்டு நான்கு துண்டாக்குங்கள். தண்ணீரை முதலில் கடைசித் துண்டுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து பின்னோக்கி ஒவ்வொரு மடையாக அடைத்துக்கொண்டு வாருங்கள். முடிந்தால் ஒரு பழைய பிவிசி குழாயில் கடைமடை வரை தண்ணீரை எடுத்துச் செல்லலாம். 25 அடி நீளம், ஒரு அடி அகலத்தில் மூன்று அங்குலம் தண்ணீர் நின்றால் அது 175 லிட்டர் சுமார். பத்துச் செடிக்கு ஆளுக்கு 17 லிட்டர். கரிசலில் அதுவே முழுப் பாசனம். செம்மண்ணில் இரண்டு அங்குலம் போதும். துண்டின் அடித்தளம் மட்டமாக இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும், மம்பட்டியால் ஒருமுறை சமன் செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

இனி மறைந்த செலவு. கோரையும் அருகும் இந்த ஈர வரியை விடாது. கோடையில் மாதம் ஒருமுறை களை எடுக்க வேண்டியிருக்கும், கோரைக்கிழங்கு வேலி வேருக்குள் புகுந்துவிட்டால் பிறகு மம்பட்டியால் எடுக்க முடியாது. மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்கு ஆள் இருக்க வேண்டும். கீழ்பவானிப் பாசனத்தை நம்பியவர்களுக்கு வாய்க்காலில் தண்ணீர் நிற்கும் மாதங்கள் வேலிக்குத் தண்ணீர் தேவைப்படும் மாதங்களோடு பொருந்துவதில்லை. வழக்கமாக ஆகஸ்ட் நடுவில் தண்ணீர் திறக்கும்போது ஆனி, ஆடிக் காற்றில் பெரும்பகுதி போய்விட்டிருக்கும். அந்த இடைவெளிக்குக் கிணறோ போரோ வேண்டும்.

ஐப்பசியில் இந்தக் கால்வாயே எதிரியாகும். கரிசலில் மழைத்தண்ணீர் அதில் தேங்கி இரண்டு நாள் நின்றாலே அடி இலைகள் மஞ்சளாகத் தொடங்கும். புரட்டாசி பிறந்ததும் குறுக்குக் கரைகளை உடைத்து, தாழ்ந்த முனையில் வடிகால் வெட்டிவிடுங்கள். தை மாதத்தில் கரையைத் திரும்பப் போடலாம். இந்த ஒரு வேலையைத் தவறவிட்டுச் செடி போனவர்கள் நிறையப் பேர்.

உப்புத் தண்ணீர் உள்ளவர்களுக்கு இம்முறையில் ஒரு நன்மை உண்டு: நிறையத் தண்ணீர் கீழே இறங்குவதால் உப்பும் கூடவே வேர்ப்பகுதியை விட்டு இறங்கும். ஆகவே கிணற்றில் தண்ணீர் தாராளம், ஆனால் சற்று உப்பு, மண் செம்மண், தினமும் தோட்டத்தில் ஆள் உண்டு என்ற நிலையில் வாய்க்காலைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். வீட்டு மனைக்கு இது வேண்டாம். காம்பவுண்டுச் சுவரின் அஸ்திவாரத்தை ஒட்டித் தண்ணீர் கட்டுவது நல்லதல்ல.

## சொட்டுநீர்

100 அடிக்கு மேல் வேலி வைத்திருக்கும் பெரும்பாலானவர்களுக்கு இறுதியில் பொருந்துவது இதுதான். ஆனால் பொருத்திவிட்டு மறந்துவிடலாம் என்று நம்பித்தான் பலர் வாங்குகிறார்கள். அந்த நம்பிக்கையோடு வாங்குவதைவிட ஓஸோடு இருப்பது மேல்.

வேண்டிய பொருள்கள்: செடி வரிசையோரம் ஓடும் 16 மி.மீ. லேட்டரல் குழாய், மணிக்கு 4 லிட்டர் சொட்டவிடும் டிரிப்பர்கள், 120 மெஷ் வடிகட்டி, ஒரு வால்வு, முனையில் கழற்றி மாட்டக்கூடிய மூடி. செம்மண்ணில் செடிக்கு இரண்டு டிரிப்பர், தண்டின் இரு பக்கமும் முக்கால் அடி தள்ளி; ஒரே டிரிப்பர் வைத்தால் நனைந்த மண் ஒல்லியாகக் கீழே இறங்கி, பாதி வேர் காய்ந்து கிடக்கும். கரிசலில் மணிக்கு 2 லிட்டர் டிரிப்பர் இரண்டு வைத்து நேரத்தைக் கூட்டுங்கள், மேலே தேங்காது. செம்மண் கணக்கில் 40 செடிக்கு மணிக்கு 320 லிட்டர் ஓடும்; ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரத்தில் ஒரு பாசனம் முடியும்.

அந்த 4 லிட்டர் என்பது சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தத்தில்தான். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து விடுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. தொட்டித் தண்ணீர் தரையிலிருந்து 23 அடி உயரத்தில் இருந்தால் டிரிப்பர் சுமார் 3.3 லிட்டர் விடும். 10 அடி உயரம்தான் என்றால் 2.2 லிட்டர். நேரத்தை அதற்கேற்பக் கூட்ட வேண்டும். மிகச் சரியான வழி: ஒரு டிரிப்பருக்கு அடியில் டம்ளர் வைத்து ஆறு நிமிடம் பிடித்து, வந்த மில்லி லிட்டரைப் பத்தால் பெருக்குங்கள். வரிசையின் முதல், நடு, கடைசி டிரிப்பர்களில் பாருங்கள். கடைசியில் முதலாவதைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் அடைப்போ அழுத்தக் குறைவோ இருக்கிறது.

டிரிப்பர் வகையில் ஒரு தேர்வு இருக்கிறது, கடைக்காரர் பெரும்பாலும் சொல்லமாட்டார். குழாய்க்குள்ளேயே பதித்து வரும் இன்லைன் வகை மலிவு, சீக்கிரம் போட்டுவிடலாம். ஆனால் நம் போர் தண்ணீரில் சுண்ணாம்பு படிந்து அடைத்தால் திறந்து சுத்தம் செய்ய முடியாது. அமிலம் ஓட்டித்தான் கரைக்க வேண்டும். குழாயின் மேல் குத்தி மாட்டும், திறந்து மூடும் வகை சற்று விலை கூடினாலும், கழற்றி வினிகரில் ஓர் இரவு ஊறப்போட்டு மாட்டிக்கொள்ளலாம். பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விழும் தண்ணீர் என்றால் இரண்டாவது வகையையே வாங்குங்கள். அமிலம் ஓட்டுபவர்கள் தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக்கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பி.ஹெச். தாளில் 4 காட்டும் வரை கலந்து, குழாயில் 24 மணி நேரம் நிறுத்தி, முனை மூடியைக் கழற்றி முழுக்கக் கழுவிவிட வேண்டும்.

பராமரிப்பு: வாரம் ஒருமுறை வடிகட்டி கழுவல், மாதம் ஒருமுறை முனை மூடி திறந்து கழுவல். தென்னந்தோப்பு அருகில் இருந்தால் அணிலும் எலியும் கோடையில் தாகத்துக்கு லேட்டரலைக் கடிக்கும். வேலிக்கடியில் அகன்ற சட்டியில் தண்ணீர் வைத்தால் கடி குறையும். அது பறவைகளுக்கும் ஆகும். இணைப்புத் துண்டுகள் குறைந்தது பத்து கைவசம் இருக்கட்டும்.

உப்பு விஷயத்தில்தான் சொட்டுநீர் சூட்சுமமானது. டிரிப்பரிலிருந்து தண்ணீர் பரவப் பரவ உப்பை நனைந்த வட்டத்தின் ஓரத்துக்குத் தள்ளுகிறது. செடி நடுவில் நன்றாக இருக்கும். பிறகு ஒரு சிறு மழை பெய்து ஓரத்து உப்பைத் திரும்ப வேருக்குள் தள்ளும். இரண்டு நாளில் இலை ஓரம் கருகும், மழையில் செடி கருகியது எப்படி என்று குழம்புவார்கள். உப்புத் தண்ணீர்க்காரர்கள் நீண்ட வறட்சிக்குப் பின் வரும் முதல் தூறலின்போது சொட்டுநீரை நிறுத்தாமல் ஓட விட வேண்டும். கோடையில் மாதம் ஒருமுறை, வழக்கமான நேரத்தைப்போல் இரண்டு மடங்கு ஓட்டி உப்பைக் கீழே இறக்கவும் வேண்டும்.

தோட்டத்தில் மானியத்தில் போட்ட சொட்டுநீர் ஏற்கெனவே இருந்தால் (தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடு, மற்றவர்களுக்கு 75 விழுக்காடு), வேலிக்கு ஒரு கிளை எடுப்பது சுலபம். அதற்குத் தனி வால்வு கட்டாயம் வையுங்கள். மஞ்சளுக்கோ தென்னைக்கோ ஓட்டுகிற நேரமும் கரையும் உரமும் வேலிக்குப் பொருந்தாது. ஒரே வால்வில் இருந்தால் ஐப்பசியில் வேலியை மட்டும் நிறுத்த வழியில்லை.

டைமர் வைக்கலாமா? வைக்கலாம், மாதம் ஒருமுறை அதன் அமைப்பை மாற்றுகிற ஆள் இருந்தால். சித்திரையில் வைத்த நேரம் ஐப்பசி வரை அப்படியே ஓடும் டைமரைவிடக் கையால் திறக்கும் வால்வு பாதுகாப்பானது.

## பானை புதைப்பது

பூச்சு இல்லாத 7 லிட்டர் மண்பானையை இரண்டு செடிக்கு நடுவே கழுத்து வரை புதைத்து நிரப்பினால், சுற்றிலும் மண் காயக் காயத் தண்ணீர் கசியும். ஆவியாவது மிகக் குறைவு. நட்ட முதல் வருடச் செடிக்கு இதைவிடச் சிக்கனமான முறை இல்லை.

ஆனால் முதிர்ந்த வேலிக்கு இதை மட்டும் நம்புவது சரியல்ல. 20 பானைக்கு 140 லிட்டர், அதாவது செடிக்கு ஒரு நிரப்புக்கு மூன்றரை லிட்டர். கோடையில் அது ஒரு நாள் தேவை. கரிசல் விரிந்து சுருங்கும்போது பானை உடையும். போர் தண்ணீரில் நுண்துளைகள் நாளடைவில் அடைபடும். மூடி இல்லாத பானையில் கொசு முட்டையிடும், ஆகவே சரியாகப் பொருந்தும் மூடியும் அதன்மேல் கல்லும் வேண்டும். வாங்கும்போது நிரப்பி வைத்து, அரை மணியில் வெளிச்சுவர் வியர்க்கிறதா என்று பாருங்கள். வியர்க்காத பானை உதவாது.

செம்மண், நல்ல தண்ணீர், இளஞ்செடி, அதுவும் லாரித் தண்ணீர் வாங்குகிற இடம் என்றால் பானை. இரண்டாம் வருடத்தில் வேறு முறைக்கு மாறத் திட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்க்க

| | ஓஸ் | வாய்க்கால் | சொட்டுநீர் | பானை |
|---|---|---|---|---|
| தொடக்கச் செலவு | மிகக் குறைவு | கூலி மட்டும் | நான்கிலும் அதிகம் | நடுத்தரம் |
| ஒரு பாசனத்துக்கு ஆள் நேரம் | அரை மணி | முக்கால் முதல் ஒரு மணி | 5 நிமிடம், மேலும் பராமரிப்பு | 15 நிமிடம் |
| ஆழம் | ஊற்றுபவரைப் பொறுத்தது | மிக நன்று | நன்று | இளஞ்செடிக்கு நன்று |
| உப்புத் தண்ணீரில் | இலையில் படக்கூடாது | தாங்கும் | அடைப்பும் ஓர உப்பும் | துளை அடையும் |
| ஐப்பசியில் | ஆபத்தில்லை | வடிகால் வெட்டாவிட்டால் ஆபத்து | வால்வை மூட மறந்தால் ஆபத்து | ஆபத்தில்லை |
| களை | குறைவு | மிக அதிகம் | குறைவு | மிகக் குறைவு |

## எந்த முறையானாலும் மூடாக்கு

மூன்று அங்குல மூடாக்கு இருந்தால் கோடையில் பாசன இடைவெளியை ஒரு நாள் தள்ளலாம். கரும்புச் சோகை, கடலைப் பொட்டு, துண்டாக்கிய தென்னை ஓலை எதுவும் ஆகும். பொள்ளாச்சிப் பக்கம் கிடைக்கும் தேங்காய் நார்க்கழிவைப் பச்சையாகப் போடாதீர்கள், அதில் உப்பு உண்டு. இரண்டு மூன்று முறை அலசியதோ மக்கியதோதான் வேண்டும். செம்மண்ணில் காய்ந்த மூடாக்குக்குக் கரையான் வரும், அதனால் தண்டைச் சுற்றி நான்கு அங்குலம் காலியாக விடுங்கள். ஐப்பசியில் கரிசல்காரர்கள் மூடாக்கை ஒதுக்கி வைப்பது நல்லது.

இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால், அது தண்ணீர்க் குறைவால் வந்ததல்ல. சுக்கான் மண்ணும் சுண்ணாம்புத் தண்ணீரும் சேர்ந்து உண்டாக்கும் இரும்புக் குறைபாடு. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்ஃபேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, மாலையில் இலைமேல் தெளித்து, பத்து நாள் கழித்து மீண்டும் ஒருமுறை தெளியுங்கள்.

## வேலியில் வேறு பூச்செடிகள் இருந்தால்

அரளிக்கும் மருதாணிக்கும் மேலே சொன்ன அளவில் பாதி போதும், வேர் பிடித்துவிட்டால் அதுவும் கோடையில் மட்டும். ஆனால் அரளி முழுச் செடியும் நஞ்சு. ஆடு மாடு எட்டுகிற வேலியில் வைக்கவே கூடாது, கத்தரித்த கிளையையும் அங்கே போடக்கூடாது. காகிதப்பூ மண் காய்ந்தால்தான் பூக்கும். தண்ணீர் தாராளமாகக் கிடைத்தால் இலையும் முள்ளுமாக வளரும். செம்பருத்தியையும் காகிதப்பூவையும் மாற்றி மாற்றி நட்டு ஒரே லேட்டரலில் கட்டினால் இரண்டில் ஒன்று கெடும், தனி வரியில் பிரித்துவிடுங்கள். இட்லிப்பூவுக்குத் தண்ணீர்த் தேவை செம்பருத்தி அளவுதான், ஆனால் சுண்ணாம்புத் தண்ணீரைச் செம்பருத்தியைவிட மோசமாகத் தாங்கும். போர் தண்ணீர் மட்டுமே உள்ள இடத்தில் இட்லிப்பூ வேலி போடுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

## முறையை மாற்றும்போது

பல வருடம் ஓஸிலோ வாய்க்காலிலோ இருந்த வேலியைச் சொட்டுநீருக்கு மாற்றுகிறவர்கள் அதைக் கோடையில் செய்ய வேண்டாம். வேர் இதுவரை தண்ணீர் நின்ற இடத்தில்தான் இருக்கும். டிரிப்பருக்கு அடியில் புது வேர் வர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். கார்த்திகை கடைசியிலோ மார்கழியிலோ குழாயைப் போட்டு, முதல் ஒரு மாதம் பழைய முறையிலும் பாதித் தண்ணீர் கொடுத்து வாருங்கள். அந்த மாதத்தில் வேலியைப் பலமாகக் கத்தரிக்காதீர்கள். ஏற்கெனவே கத்தரித்துவிட்டிருந்தால், துளிர் இரண்டு அங்குலம் வரும்வரை தண்ணீரைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். இலை இல்லாத செடி அவ்வளவு குடிக்காது. மாசி பிறக்கும்போது கம்பிச் சோதனையை டிரிப்பருக்கு அடியிலும், அதிலிருந்து ஒரு அடி தள்ளியும் செய்து பார்த்துவிட்டுப் பழைய ஓஸையோ மடையையோ முழுவதும் நிறுத்தலாம்.